மலை சார்ந்த இடம்



குறிஞ்சி என்றால் என்ன என்று ஆறாம் ஆண்டு மாணவர் எவரிடம் கேட்டாலும், 'மலையும் மலை சார்ந்த இடமும்' என்று ஒரே மூச்சில் விடை வந்துவிடும். தெய்வம் முருகன், உணவு தினை என்று பட்டியலும் பின்தொடரும். தயங்காமல் முழு மதிப்பெண் வழங்கலாம். ஆனால், 'மலை தெரிகிறது. மலை சார்ந்த இடம் என்றால் எது?' என்று அடுத்த வினாவைத் தொடுத்துப் பாருங்கள். வகுப்பறை அமைதியாகிவிடும். என் மாணவி ஒருத்தி மட்டும் சற்று யோசித்துவிட்டு, "மலைக்குக் கீழ இருக்கிற கார் பார்க், டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு அந்த விடை மிகவும் பிடித்திருந்தது. தான் கண்டதை அவள் உள்ளபடி சொன்னாள். தெப்ராவில் அடுக்குமாடி வீட்டில் வளரும் அந்தக் குழந்தை மலையை மும்முறை பார்த்திருக்கிறாள். மூன்று முறையும் பேருந்து நின்ற இடத்திலிருந்துதான்.

நம் பள்ளிகள் மலையை அறிமுகம் செய்யும் முறையைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மாற்றுக் கருத்து உண்டு. மலை என்றவுடன் நம் எண்ணம் நேரே உச்சிக்குப் போய்விடுகிறது. ஜொகூரில் உள்ளவர்களுக்கு 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை. இன்னும் துணிவுள்ளவர்களுக்குச் சபாவில் 4,095 மீட்டர் உயரத்தில் நிற்கும் கினபாலு. அச்சடித்த சட்டை, கையில் பதாகை, உச்சியில் ஒரு படம், இறங்கி வந்தபின் சான்றிதழ். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் பயின்ற காலத்தில் எங்களையும் முகாம் என்ற பெயரில் அப்படித்தான் ஏற்றினார்கள். உச்சிப் படத்தில் நின்றவர்கள் எத்தனை பேர் என்பது அனைவருக்கும் நினைவிருந்தது. இடைவழிப் பாறையில் அமர்ந்துவிட்ட தோழியர் அங்கே என்ன கண்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள்தாம் அன்று இருவாய்ச்சிப் பறவையைப் பார்த்தவர்கள்!

பெரியவர்களுக்கு உச்சி ஒரு குறிக்கோளாக இருக்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. பத்து வயதுக் குழந்தைக்கு மலையின் முதல் பாடம் உச்சியாக இருக்க வேண்டாம் என்பதே என் வாதம். அந்த வயதுக்கு ஏற்றது சுற்றுப்பாதை. புறப்பட்ட இடத்திற்கே வேறு வழியாக வந்து சேரும் நடை. புல்வெளி, ஓடை, குளம், சிறு காடு என்று மலையின் மடியில் ஒரு வட்டம்.

மேலைநாட்டு நூல்களில் காணப்படும் உயர்மலை ஏரிகளும் பூத்துக் குலுங்கும் புல்வெளிகளும் பனியாறுகள் செதுக்கிய நிலங்கள். மரங்கள் வளர இயலாத உயரத்தில் அமைந்தவை. இந்தியாவில் அவற்றைக் காண வேண்டுமானால் காஷ்மீருக்குச் செல்லலாம்; விஷன்சர், கிருஷன்சர், கட்சர், கங்காபல் என்று ஏரிக்கு ஏரி பல நாள் நடக்கும் வழி அங்கே உண்டு. தமிழர் வாழும் மலைகளில் அத்தகைய ஏரிகள் இல்லை. உதகை ஏரியே 1820களில் ஜான் சல்லிவன் வெட்டுவித்தது. நீலகிரியின் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி ஆகியவை மின்னுற்பத்திக்காகக் கட்டப்பட்ட அணைகளின் நீர்த்தேக்கங்கள். எனினும், மலைப் புல்வெளி நமக்கு அந்நியமானதன்று. பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்லுமாக விரியும் நிலம் நீலகிரியிலும் ஆனைமலையிலும் உண்டு. கடல் கடந்து இலங்கையிலும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு உகந்த சுற்றுப்பாதைக்கு நான் அறிந்த சிறந்த எடுத்துக்காட்டு அந்த இலங்கையில்தான் இருக்கிறது: ஹோர்ட்டன் சமவெளி.

2018 டிசம்பர் விடுமுறையில் ஆசிரியைகள் நால்வர் அங்கே சென்றோம். நுவரெலியாவிலிருந்து விடியுமுன் வேனில் புறப்பட வேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்குமேல் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால் அனைவரும் அதிகாலையிலேயே வந்துவிடுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே, மலைகளின் தலையில் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கிறது அந்நிலம். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரை வெள்ளையர் அதற்குச் சூட்டினர். 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. பரப்பு ஏறத்தாழ 3,160 எக்டர். இலங்கையின் இரண்டாவது, மூன்றாவது உயரமான சிகரங்களான கிரிகல்பொத்தையும் தொட்டுப்பொலகந்தையும் இதன் எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஆயினும், வருவோரில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சிகரங்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை! அவர்கள் வருவது ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வட்டப்பாதையில் நடப்பதற்கு.

நுழைவாயிலில் பூங்காப் பணியாளர்கள் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். பிஸ்கட் உறை, ரொட்டிப் பை, தண்ணீர்ப் புட்டியில் ஒட்டியிருந்த தாள் எல்லாவற்றையும் நீக்கினார்கள். பிஸ்கட்டுகளைக் காகிதத்தில் மடித்துத் திரும்பத் தந்தார்கள். பேச்சும் இல்லை, சுவரொட்டியும் இல்லை. சுற்றுச்சூழல் கல்வி என்று நாம் மூன்று வாரம் நடத்தும் பாடம் அங்கே மூன்று நிமிடத்தில் முடிந்தது.

பாதை முதலில் புல்வெளியின் ஊடே செல்கிறது. இடுப்பளவுப் புல் கொத்துக் கொத்தாக நிற்கிறது; நுனியெல்லாம் பனித்துளி. செந்நிறப் பூக்களோடு முறுக்கேறிய ரோடோடென்ட்ரான் மரங்கள் ஆங்காங்கே தனித்து நிற்கின்றன. ஓடையைக் கடந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. எந்தக் கிளையில் சென்றாலும் மற்றொன்றின் வழியாக இங்கேயே வந்து சேரலாம். நாங்கள் இடப்பக்கம் சென்றோம். புல் முடிந்து காடு தொடங்கியபோது குளிர் வேறாக இருந்தது. அது மேகக்காடு, மரமெல்லாம் பாசியும் பூஞ்செடிகளுமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்துச் சிறிய உலக முடிவு. அதன்பின் உலக முடிவு. காலடியில் நிலம் சட்டென்று முடிந்து, ஏறத்தாழ 880 மீட்டர் ஆழத்திற்குச் சரிகிறது. திரும்பும் கிளையில் ஏறத்தாழ இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் பேக்கர் நீர்வீழ்ச்சி. அதற்கப்பால் மீண்டும் புல்வெளி, ஓடைத் தேக்கம், மனித நடமாட்டத்திற்குப் பழகிப்போன மரைகள்.

அந்த மரைகளைப் பற்றி ஒரு சொல். வண்டி நிறுத்துமிடத்தில் அவை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கின்றன. வருவோர் உணவு கொடுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். கொடுக்காதீர் என்ற அறிவிப்பின் கீழேயே நின்று கொடுக்கிறார்கள். எந்நாட்டிலும் மனிதர் மனிதர்தாம் போலும்.

உலக முடிவில் எங்களை அழைத்து வந்த ஓட்டுநரும் உடன் நின்றார். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பனி விலகிய சில நிமிடங்களில் கீழே பச்சைச் சதுரங்களாகத் தேயிலையும் நடுவே ஒரு தகரக்கூரை வரிசையும் தெரிந்தன. "டீச்சர், அந்தா தெரியுதுங்களே லயம், அங்கதான் எங்க அக்காவக் கட்டிக் கொடுத்திருக்கு" என்றார். "அக்கா இங்க மேல வந்து பார்த்திருக்காங்களா?" என்று கேட்டேன். "அவங்க எங்கீங்க டீச்சர் வரப்போறாங்க. கொழுந்து கிள்ளவே நேரம் சரியா இருக்கு" என்றார். உலகமே பார்க்க வரும் காட்சியின் உள்ளே அந்த அம்மையார் வாழ்கிறார். காட்சியை அவர் பார்த்ததில்லை.

அன்று நால்வரில் ஒருவருக்கு முழங்கால் வலி. பாதி வழியில் நின்றுவிட்டார். உச்சிக்குச் செல்லும் பாதையாயின், "நீங்கள் இங்கேயே இருங்கள், நாங்கள் போய் வருகிறோம்" என்றிருப்போம். வட்டப்பாதையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பாதி வழி வந்தபின் முன்னே செல்வதும் பின்னே திரும்புவதும் ஒரே தூரம். எனவே, முன்னே சென்றோம். அவருடைய வேகத்தில் சென்றோம். நான்கு மணி நேரத்தில் முடிய வேண்டிய நடை ஆறு மணி நேரமாயிற்று. எவரும் 'எட்டவில்லை' என்ற பெயரோடு திரும்பவில்லை. இதைத்தான் நான் மாணவச் செல்வங்களுக்காக விரும்புகிறேன். தேர்வு, தரவரிசை, பரிசளிப்பு விழா என்று பள்ளியில் எட்டியவர், எட்டாதவர் பிரிவு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. யுபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் நீக்கினார்கள். நம் மனத்திலிருந்து அது இன்னும் நீங்கவில்லை. மலையையும் மற்றொரு தேர்வுத்தாளாக்க வேண்டுமா?

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. உச்சியையே நோக்கும் கண்ணுக்கு அதைச் சூழ்ந்த நிலம் வெற்றிடமாகத் தெரிகிறது. நீலகிரியில் வெள்ளையர் புல்வெளியைப் பயனற்ற தரிசு என்றே கணக்கெழுதினார்கள். பின்னர் வந்தவர்களும் அதே கண்ணோடு அங்கே சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டு நிரப்பினார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் 1960களில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். அந்தப் புல்வெளியும் மேகக்காடும் பனியையும் மழையையும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து மெல்ல மெல்ல விடுவதால்தான் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து நீர் செல்கிறது. வேலை செய்வது புல். புகழ் சிகரத்துக்கு.

சரி, ஆபத்து? தலைமையாசிரியர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்; கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். 2015 ஜூன் 5ஆம் நாள் கினபாலுவில் 6.0 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது 18 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றின் மாணவர்கள் எழுவரும் ஆசிரியர்கள் இருவரும் இருந்தனர். கடற்காலுக்கு அப்பால், நமக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைகள்! 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலி முகாம் தளத்தின்மீது மண் சரிந்து 31 பேர் மாண்டனர். விடுமுறைக்காகக் கூடாரமிட்டிருந்த பள்ளி ஆசிரியர்களும் சிறார்களும் அவர்களுள் அடங்குவர். நமக்கு இன்னும் அருகிலேயே, 2001 டிசம்பர் இறுதியில் வாமெய் புயல் கொட்டிய மழையில் பூலாய் மலையில் ஏற்பட்ட நிலச்சரிவு வீடுகளை அழித்து ஐவரின் உயிரைக் குடித்தது. இவற்றையெல்லாம் மறந்துவிட்டு, 'இயற்கை அன்னை அழைக்கிறாள்' என்று கட்டுரை எழுத என் கை வராது.

ஆனால், அச்சத்திற்கு விடை கதவை அடைப்பதன்று. தமிழ்நாட்டைப் பாருங்கள். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறிகள் காட்டுத்தீயில் சிக்கினர். 23 பேர் இறந்தனர். அதன்பின் மலையேற்றத்திற்கென விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் மாநில அரசு, 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, உள்ளூர்ப் பழங்குடி மக்களைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக அமர்த்தினார்கள். முன்பதிவு செய்யாமல் செல்ல இயலாது. இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையாக நான் இதைக் கருதுகிறேன். பூட்டிவிடுவது எளிது; நெறிப்படுத்துவது கடினம். ஹோர்ட்டன் சமவெளியிலும் இதே நெறியைத்தான் கண்டேன். ஒரே வாயில், சீட்டு, குறித்த பாதை. அதைவிட்டு விலகக் கூடாது. எத்தனை பேர் உள்ளே சென்றார்கள் என்ற கணக்கு இருக்கிறது. அடர்மழைக் காலத்தில் செல்லாதிருப்பது, சரிவின் அடியில் தங்காதிருப்பது, பிற்பகல் மழைக்கு முன்பே நடையை முடித்துவிடுவது ஆகியவற்றை நாமும் கடைப்பிடித்தால் போதும். இவற்றில் ஒன்றுகூட வீரம் அன்று, ஒழுங்கு மட்டுமே.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இந்தக் கருத்தைச் சொன்னபோது நான் எதிர்பார்த்த மறுப்பு வரவில்லை, வேறொன்று வந்தது. பேரனுக்காக வந்திருந்த ஒரு பாட்டி எழுந்தார். "டீச்சர், நாங்க நடந்தது போதாதா? காலையில அஞ்சு மணிக்குப் பெரட்டுக்குப் போயி, மழையில, அட்டக்கடியில நடந்து நடந்துதான் எங்க காலே போச்சு. பேரனாவது கார்ல போகட்டும்னு பார்த்தா, நீங்க காசு கட்டி நடக்கச் சொல்றீங்களே!" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பாட்டியின் சொல் என்னை விட்டு நீங்கவில்லை. நம்மவர்க்கு நடை என்பது பொழுதுபோக்காக வந்ததன்று. இன்று கடைத்தொகுதிகளும் வீடமைப்புகளுமாக நிற்கும் தெப்ராவ், ரப்பர்த் தோட்டங்களாக இருந்த நிலம். பால்மரம் வெட்டியவர்கள் நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவிக்கொண்டே ஒரு சுற்று வருவார்கள். பால் வடிந்தபின் வாளியோடு மறுசுற்று. எண்ணிப் பார்த்தால், அதுவும் ஒரு சுற்றுப்பாதைதான். ஒவ்வொரு நாளும் இருமுறை, வாழ்நாள் முழுதும்! இலங்கை மலையகத்தாரின் முன்னோர் நிலையோ இன்னும் கொடியது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடத்தியே அழைத்துச் செல்லப்பட்டார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு 2023இல் மலையகத் தமிழர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அதே வழியை நடந்து நினைவுகூர்ந்தனர். முன்னோர் கட்டாயத்தால் நடந்த பாதையில் பேரர்கள் தம் விருப்பத்தால் நடந்தார்கள். பாட்டியிடம் நான் சொல்ல விரும்பும் மறுமொழி அந்த நடையில் இருக்கிறது. பேரன் காரில் போகட்டும், அம்மா. அது அவனுக்கு நீங்கள் உழைத்துப் பெற்றுத் தந்த உரிமை. வேண்டும்போது இறங்கி நடப்பதும் அதே உரிமையின் மறுபாதி.

காசு பற்றி அவர் சொன்னதில் முழு நியாயம் உண்டு. மலை பார்க்க இலங்கைக்குச் செல்லுங்கள் என்று பி40 குடும்பங்களிடம் எவரும் சொல்ல இயலாது, நானும் சொல்லவில்லை. நான் கேட்பது அந்தச் சுற்றுப்பாதையின் முறையைத்தான். பூலாய் மலை 654 மீட்டர். அதன் அடிவாரக் காடும் நீர்த்தேக்கங்களும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. 1932 முதல் சிங்கப்பூருக்குக் குழாய்வழி நீர் சென்றது அந்த மலையிலிருந்துதான். 1961ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பூலாய் மலையோடு நம் தெப்ராவ் ஆற்றின் பெயரும் ஸ்கூடாய் ஆற்றின் பெயரும் இருந்தன. 2011 ஆகஸ்டு 31இல் அந்த ஒப்பந்தம் முடிவுற்று நீர்நிலையங்கள் ஜொகூரிடம் வந்தன. இதையெல்லாம் நம் மாணவர்கள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. தம் ஊர்ப் பெயர் ஓர் ஆற்றின் பெயர் என்பதே பலருக்குத் தெரியாது. மலையின் உச்சியில் ஏறி நின்றால் தொலைத்தொடர்புக் கோபுரம் தெரியும். அடிவாரத்தைச் சுற்றி நடந்தால், நீர் எங்கிருந்து புறப்படுகிறது என்பது தெரியும். எது பாடம்?

புறப்பாட நடவடிக்கைக் குழுவிடம் நான் கொடுத்துள்ள முன்மொழிவு மிகச் சிறியது. நான்காம் ஆண்டில் பூங்கா ஏரியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர். ஐந்தாம் ஆண்டில் காட்டோரமாக நான்கு. ஆறாம் ஆண்டில், வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் கிடைத்தால், பூலாய் அடிவாரம். ஜனவரி மழை ஓய்ந்தபின் மட்டுமே. சான்றிதழ் இல்லை, பதாகை இல்லை, வகுப்புக்கு ஒரு குறிப்பேடு உண்டு. ஒவ்வொரு மாணவரும் வழியில் கண்ட ஒன்றின் பெயரைத் தமிழில் எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் படம் வரையலாம். வரிசையில் மெல்ல நடப்பவர் முன்னே, வேகமாக நடப்பவர் பின்னே.

இந்தக் கடைசி விதியைத்தான் குழுவில் உள்ள சக ஆசிரியர் ஒருவர் ஒப்பவில்லை. வேகமான பையன்கள் சலித்துப் போவார்கள் என்கிறார். சலிக்கட்டுமே! சலித்தவன்தான் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பான்.

அடுத்த கூட்டம் மாத இறுதியில். அந்தப் பாட்டியையும் வரச்சொல்லி ஆளனுப்பியிருக்கிறேன். காட்டில் அட்டை கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எங்கள் குழுவில் அவரைவிடத் தகுதியுள்ளவர் ஒருவரும் இல்லை.